மூலையை மறைத்து நின்ற சம்பந்தி

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கொஞ்ச நேரத்தில் என் சம்பந்தி மீராலெப்பை டெயிலர் மௌத்தானார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்தவர் எழும்பவில்லை. நோய், ஆஸ்பத்திரி என்று யாரையும் அலைய விடவில்லை.

நான் கடையில் ஒருவருக்குக் கதவுப் பிணைச்சல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மருமகன் போனில் கோல் எடுத்தார். "மாமா, வாப்பா போயிட்டாங்க" என்றார். முன்னால் நின்றவர், "மொதலாளி, இது நாலு இஞ்சா, அஞ்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிணைச்சலை அவர் கையில் கொடுத்து, "கொண்டு போங்க, பிறகு பார்ப்பம்" என்று சொல்லிக் கடையைப் பூட்டினேன். வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து ஆள் நிற்கும்போது நான் கடை பூட்டியது அன்றுதான்.

பொத்துவிலிலிருந்து அவருடைய உடன்பிறந்த மூத்த ராத்தா ஆசியா உம்மா வந்து முகம் பார்த்த பிறகு மஃரிப் தொழுகையோடு அடக்கினோம். மையவாடியில் நின்றவர்கள் அவருடைய கையைப் பற்றிக் கதைத்தார்கள். என்ன கை, என்ன வெட்டு, கொலர் வைத்தால் கொலர் மாதிரி இருக்கும் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் சொல்ல வேண்டியது அவருடைய முதுகைப் பற்றி. அதை அறிந்தவர்கள் எங்கள் இரண்டு குடும்பத்திலும் சிலர்தான். அவர் இருக்கும்வரை வெளியில் சொல்ல விடவில்லை. இனிச் சொன்னால் குற்றமில்லை என்று ஆசியா உம்மாவே சொல்லிவிட்டார்.

அவர் எப்படிப்பட்ட டெயிலர் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். சம்பந்தியாவதற்கு முன்பு ஒரு பெருநாள் காலத்தில் நான் சட்டை அளவு கொடுக்கப் போயிருந்தேன். நம் கடைத்தெருவில் எல்லோரும் அறிந்த ஒரு கனத்த மனிதர், பெயர் வேண்டாம், ஒரு காற்சட்டையை மேசையில் எறிந்து சத்தம் போட்டார். "என்ன டெயிலர் தைச்சிரிக்கீங்க? பட்டன் பூட்ட ஏலாம இரிக்கி!" கடையில் நின்ற எல்லோர் கண்ணும் அவர் வயிற்றுக்குப் போனது. மீராலெப்பை டெயிலர் காற்சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, துணியைக் கசக்கி, மணந்துகூடப் பார்த்தார். "ஓம் ஹாஜி, துணிதான் சரியில்ல. தண்ணி பட்டாச் சுருங்கிற சாதி. தாங்க, உள்ளுக்க தையல் விட்டிரிக்கன், பெருசாக்கித் தாறன்" என்றார். ஹாஜியார் சந்தோஷமாகப் போனார். நான் சிரித்தேன். "சுருங்கினது துணியா டெயிலர்?" என்று கேட்டேன். "மொதலாளி, ஆள் நிமிந்துதானே போறாரு? அதுக்கும் சேத்துத்தான் நான் கூலி வாங்கிற" என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் சைக்கிளில் ஆணி, கொக்கி கட்டிக்கொண்டு வளவு வளவாக விற்று ஆளானவன். இன்று கல்முனையில் சொந்தமாக ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்க முன்பு வீட்டைப் பார்ப்பார்கள். சில பேர் பெண்ணைவிடக் கவனமாகப் பார்ப்பார்கள்.

நான் சாய்ந்தமருதில் வயல் ஓரமாக வீடு கட்டினேன். கொழும்பில் ஒரு வீட்டில் கண்டு ஆசைப்பட்டு, ஹோலில் இடுப்பு உயரத்துக்கு நாலு சுவரிலும் மகோகனிப் பட்டை ஓடவிட்டேன். பீடிங் என்று கடையில் நாங்கள் விற்கும் மெல்லிய மரச் சட்டம்தான். பெயின்ட் இல்லை, வார்னிஷ் மட்டும். மரத்தின் நிறம் அப்படியே தெரிய வேண்டும் என்று என் பிடிவாதம். மரவேலை செய்த ஓடாவி அதை மாரி மழைக்குள் அடித்து முடித்தார். அடிக்கும்போது மூலைகள் ஒட்டித்தான் இருந்தன. பிறகு கச்சான் காற்றுத் தொடங்கியது. வயலைத் தாண்டி நெருப்பு மாதிரி வரும் அந்தக் காற்றுக்கு முதல் தடையே என் வீடுதான். மரம் காய்ந்து சுருங்கியது. நாலு மூலையிலும் பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. மேற்குச் சுவர் மூலையில் சின்ன விரல் நுனி போகும் அளவுக்கு இடைவெளி விழுந்தது.

அந்த நேரம்தான் முதல் சம்பந்தம் வீடு பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் தன் மோட்டார்சைக்கிள் சாவியை அந்த இடைவெளிக்குள் விட்டு ஆட்டிப் பார்த்தார். "ஹார்ட்வெயார் மொதலாளிட ஊடு. மூலையே வாயத் தொறந்திரிக்கி" என்று சிரித்தார். அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு கூரையிலும் குறை, குழாயிலும் குறை என்று போய், மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலிக் காசை ஏற்றினார்கள். என் கையில் இருந்ததெல்லாம் அந்த வீட்டுக்குள் போயிருந்தது. ஏலாது என்றேன். சம்பந்தம் முறிந்தது. ஒரு முறை வீட்டில் குறை சொல்லி முறிந்தால் ஊரில் அது பெண்ணின் குறையாக மாறிவிடும். மகள் நஸ்ரின் அழவில்லை. "வாப்பா, அடுத்த முறை ஊட்டக் காட்டாம என்னக் காட்டுங்க" என்றாள். அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஓடாவிக்குக் கோல் எடுத்தால் பதில் இல்லை. நானே கடையிலிருந்து மரத்துக்குப் பூசும் பட்டிக் களிம்பு கொண்டுவந்து இடைவெளிகளை அடைத்து மேலே வார்னிஷ் பூசினேன். கச்சான் அதையும் காய வைத்துச் சுருக்கியது. பாதி கொட்டியது. மிச்சம், பல்லுக்குச் சீமெந்து அடைத்த மாதிரி வேறு நிறத்தில் நின்றது. அடைக்காமலே விட்டிருக்கலாம் என்று மனைவி சொன்னார். அந்த நிலையில்தான் மீராலெப்பை டெயிலரின் மகனுக்கு எங்கள் மகளைக் கேட்டு ஆள் வந்தது.

வீடு பார்க்க வந்தது மூன்று பேர். டெயிலர், அவருடைய மனைவி, பொத்துவில் ஆசியா உம்மா. அந்தக் குடும்பத்தில் ஆசியா உம்மா ஓம் என்றால்தான் ஓம் என்று எல்லோரும் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்று மூலைக்கு நான் வழி செய்திருந்தேன். ஒன்றில் ஷோகேஸ், ஒன்றில் சோபா, ஒன்றில் திரை. மேற்கு மூலையில் வைக்க ஒன்றும் அமையவில்லை. டெயிலர்தான் முதலில் உள்ளே வந்தார். ஸலாம் சொன்னார். ஹோலை ஒரு சுற்றுப் பார்த்தார். நேரே அந்த மூலைக்குப் போய், இரண்டு சுவருக்கும் நடுவில் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றுவிட்டார்.

ஆசியா உம்மா குழாயைத் திறந்து பார்த்தார். ஜன்னலை இழுத்துப் பார்த்தார். தரையை மிதித்துப் பார்த்தார். தம்பி அசையவில்லை.

"தம்பி, என்ன தூண் மாதிரி நிக்கிற? இரியன்."

"இரிந்து இரிந்து தைக்கிற ஆள் நான், ராத்தா. நிண்டாத்தான் எனக்கு ரெஸ்ட்டு."

நஸ்ரின் தேத்தண்ணி கொண்டு வந்தாள். நின்றபடியே வாங்கினார். பலகாரத் தட்டையும் நின்றபடியே முடித்தார். அவருடைய மனைவி அறைகளைப் பார்க்கக் கூப்பிட்டபோது, "நீ பாத்தா நான் பாத்த மாதிரித்தானே" என்றார். ஆசியா உம்மா வீட்டை முழுதாகப் பார்த்து முடித்து, அடுத்த வெள்ளிக்கிழமை குடும்பத்துப் பெண்களோடு வந்து கொடுக்கல் வாங்கல் கதைப்பதாகச் சொல்லி வெளியே இறங்கினார். அதன் பிறகுதான் டெயிலர் சுவரை விட்டுப் பிரிந்தார். சட்டையின் முதுகில் என் பட்டித் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். "மொதலாளி, நாளைக்கு சுபஹ் தொழுதிட்டு வாறன். அதுக்கிடையில ஓடாவி ஆரையும் கூப்பிட்டிராதீங்க."

"ஏன்?"

"மூலைட வாய மூட ஒங்கட கடையில சாமான் இரிக்கும். ஓடாவிட வாய மூட இரிக்கா?"

சொன்னபடி வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் டெயிலர் சோக்கு, மெல்லிய பிளேட், துணி அளக்கும் மூலைமட்டம். நான் மரப் பசை, மண் தாள், ஸ்குரூட்ரைவர் கொண்டு வந்திருந்தேன். மூலைமட்டத்தைச் சுவருக்குள் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் தொட்டது, மறு பக்கம் தொடவில்லை. "மேசன் சுவரக் கூனலா எழுப்பிரிக்கான். ஓடாவி அளக்காம நேரான ஆளுக்குத் தைச்சிரிக்கான். பிறகு கச்சான் வந்து எல்லாத்தையும் காட்டிக் குடுத்திரிக்கி" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஓடாவிகள் இல்லை. அது முதல் நாளே தெரிந்துவிட்டது. பட்டையைக் கழற்றிச் சரியான கோணத்தில் வெட்டித் திரும்ப அடிப்பதுதான் முறை என்று நான் சொன்னேன். சொல்லி நானே இழுத்தேன். ஆணி வரவில்லை, மரம் வந்தது. நெடுக ஒரு துண்டு பிளந்து கையில் நின்றது. நான் அந்த ஓடாவியின் ஏழு தலைமுறையையும் இழுத்துக் கதைத்தேன். டெயிலர் கீழே இருந்து சிரிக்கிறார். "மொதலாளி, ஒங்கட கடையில எல்லாம் இரிக்கி. பொறுமை மட்டும் ஸ்டொக் இல்ல போல." பிளந்த துண்டைப் பசை வைத்து ஒட்டி, அவருடைய அளவு நாடாவால் இறுக்கிக் கட்டி வைத்தோம். கழற்றும் யோசனையை அதோடு கைவிட்டோம்.

பிறகு செய்தது இதுதான். இதைச் சொல்வதில் ஒளிவு ஒன்றுமில்லை, யாருக்கும் உதவும். மயிரிழை அளவு இடைவெளிக்கு ஸ்குரூட்ரைவரின் உருண்டைக் கம்பியை மூலை விளிம்பில் அழுத்தித் தேய்த்தோம். மரத்தின் உதடு மடிந்து இடைவெளி மறைந்துவிடும். அதைவிடக் கொஞ்சம் பெரியதற்கு, மீந்து கிடந்த அதே மகோகனியைத் தேய்த்துத் தூள் எடுத்து, பசையில் குழைத்து அடைத்தோம். வேறு மரத்துத் தூள் நிறம் காட்டிக் கொடுக்கும். பெரிய இடைவெளிக்குப் பட்டி கேட்காது, மரம்தான் கேட்கும். அதே மரத்தில் ஒரு பக்கம் மெலிந்த சீவல் சீவி, ஆப்பு மாதிரி உள்ளே செருகி, வெளியே நீட்டியதை பிளேட்டால் வெட்டி, மண் தாள் பிடித்து வார்னிஷ் தொட்டோம்.

சீவலுக்கு எந்தப் பக்கம் பசை பூசுவது என்பதில் சண்டை வந்தது. இரண்டு பக்கமும் பூசினால்தான் பலம் என்றேன் நான். பசை விற்கிறவன் வேறு எப்படிச் சொல்வேன்? அவர் ஒரு பக்கம் போதும் என்று நின்றார். "இது இப்ப காஞ்ச மரம். மாரிக்கு ஊதும். அதுக்கு அசைய எடம் குடுக்கணும். ரெண்டு பக்கமும் புடிச்சா எங்கயாவது கிழியும்." கடைசியில் ஷோகேஸ் மூலையை என் முறையில் செய்தோம், மற்றதை அவர் முறையில். நேர்மையாகச் சொல்வதானால், என் மூலை இன்று வரை பிரியவில்லை. ஆனால் அதற்கு ஒரு முழம் தள்ளிப் பட்டையே நெடுக வெடித்தது. ஷோகேஸ் இன்னும் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

மேற்கு மூலையைக் கடைசியில் எடுத்தோம். நான் வியாபாரி. ஒருவர் காரணமில்லாமல் எனக்கு நன்மை செய்தால் எனக்கு நித்திரை வராது. ஆகவே கேட்டுவிட்டேன். "டெயிலர், நீங்க மாப்பிள்ளட வாப்பா. இந்த ஊட்டுல குறை இரிந்தா அது ஒங்களுக்குத்தான் லாபம். போன ஆக்கள் இந்த மூலைய வெச்சித்தான் கைக்கூலிய ஏத்தினாங்க. நீங்க ஏன் இத ஒட்டுறீங்க?"

அவர் சீவலைச் செருகிக்கொண்டே இருந்தார். "எண்ட மகன் இரிக்கப் போற ஊடுதானே" என்றார் முதலில். நான் விடவில்லை. அது பதில் இல்லை என்றேன். கை நின்றது.

"அண்டைக்கி ஒங்கட புள்ள தேத்தண்ணி கொண்டு வந்தா. நான் ஏன் அந்த எடத்துல நிக்கிறன் எண்டு அவவுக்கு விளங்கிட்டு. என்னப் பாத்தா, பிறகு தலையக் குனிஞ்சிட்டா. குத்தம் செஞ்ச ஆள் மாதிரி. புள்ள என்ன குத்தம் செஞ்ச? ஒரு கட்ட சுருங்கினதுக்கு ஒரு புள்ள தலையக் குனியிறதா? அத அப்பிடியே வெச்சிட்டுப் போக எனக்கு ஏலாமப் போச்சி."

நான் வார்னிஷ் தூரிகையைக் கழுவ வெளியே போனேன். கழுவ வேண்டிய தேவை அப்போது இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆசியா உம்மா பெண்களோடு வந்தார். டெயிலர் அன்று நல்ல பிள்ளையாக சோபாவில் இருந்தார். ஆசியா உம்மா நேரே மேற்கு மூலைக்குப் போனார். போன முறை தம்பி ஏன் அங்கே நின்றான் என்ற சந்தேகம் அந்த மனுஷியின் மனதை விட்டுப் போகவேயில்லை. விரலால் பட்டையைத் தடவினார். நகத்தால் கீறிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு குனிந்து பட்டையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே சுவரில் மெல்லிய நீலக் கோடு ஒன்று இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் காணாதது.

"ஓடாவி பென்சிலாலதானே கீறுவான்?" என்று கேட்டார். "சோக்கால கீறுற ஆள் ஆரு?"

திரைக்குப் பின்னால் நஸ்ரினின் வளையல் சத்தம் நின்றது. சம்பந்தம் போய்விட்டது என்று நான் நினைத்துவிட்டேன். இரண்டாவது முறையும் இந்த மூலையால் போகிறது, அதுவும் ஏமாற்றினோம் என்ற பெயரோடு போகிறது.

"மீராலெப்பை, இஞ்ச வா."

பேரன் பேத்தி கண்ட மனிதர் எழும்பி, சாரத்தைச் சரிசெய்துகொண்டு போய் ராத்தாவின் முன் நின்றார்.

"ஆர்ட வேல இது?"

"எண்டதான் ராத்தா. மொதலாளியும் புடிச்சாரு."

"அப்ப விடியச் சாமம் நடக்கப் போறண்டு போனது இஞ்சயா?" என்றார் அவருடைய மனைவி. "நான் சுகர் கொறையும் எண்டு நெனச்சிட்டு இரிக்கன்!" பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆசியா உம்மா சிரிக்கவில்லை.

"மாப்பிள்ளட வாப்பா பொண்ணூட்டுச் சுவர ஒட்டினான் எண்டா ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர் இன்னும் அறியல்ல ராத்தா. நீங்க சொன்னாத்தான் அறியும்."

ஆசியா உம்மா தம்பியை விட்டு என் பக்கம் திரும்பினார். "மொதலாளி, நீங்க யாவாரி. வாங்க வந்த ஆளே சாமானத் திருத்திக் குடுத்திட்டா, பிறகு குறை சொல்லி விலை பேச வாய் வருமா? நான் பொத்துவிலில இரிந்து ஒரு கணக்கோட வந்தன். இவன் அதக் கெடுத்திட்டான். இனி நான் கதைக்க மாட்டன். அவனே கதைக்கட்டும்."

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. டெயிலர் அறியாமல் செய்தவர் இல்லை. பசை தொட்ட முதல் நாளே கைக்கூலி கேட்கும் தகுதியைத் தன் குடும்பத்தின் கையிலிருந்து எடுத்துவிட்டார். அதையும் ராத்தாவுக்கு முன்னால் வாதாடி எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ பேரோடு விலை பேசியிருக்கிறேன். கேட்கும் வாயைத் தானே அடைத்துக்கொண்டு பேச வந்தவர் அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு பல கச்சான் வந்து போய்விட்டது. சம்பந்தி என்று கூப்பிடத் தொடங்கிய பிறகும், கோபம் வந்தால் நான் டெயிலர் என்பேன், அவர் மொதலாளி என்பார். அவர் கடையை மருமகனுக்குத் தெரிந்த ஒருவர் பார்க்கப் போகிறார். கத்திரிக்கோலும் மெசினும் அந்தக் கடைக்கே. என்னிடம் இருப்பது வேறு. யாராவது பீடிங் வாங்க வந்தால், எந்த மாதம் அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். மாரி என்றால் பொறுக்கச் சொல்கிறேன், வியாபாரம் போனாலும் சரி. ஒருவருடைய வீட்டுக்குப் போய் ஒரு குறையைக் கண்டால், அதைச் சுட்டிக்காட்ட நாக்கு வரும்போது, எங்கே நின்றால் அது மறையும் என்று பார்க்கிறேன். எப்போதும் செய்கிறேன் என்று சொல்லமாட்டேன். பார்க்கிறேன். இந்தப் பார்வை நான் உழைத்துச் சம்பாதித்ததில்லை, அவர் தந்தது. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கி வைக்கட்டும்.

அன்று ஹோலில் அவர் சொல்ல, நான் ஓம் என்று ஒத்துக்கொண்டது இவ்வளவுதான். வீடு இருக்கிறபடியே மகளின் பெயரில். கைக்கூலி இல்லை. பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் அவருடைய மகன் உழைத்த காசில். ஒவ்வொரு கச்சானும் முடிய, நாலு மூலையையும் பார்த்துச் சரிசெய்யும் வேலை இரண்டு வாப்பாமாருக்கும் பாதி பாதி. ஒருவர் இல்லாமல் போனால், முழுதும் மற்றவருக்கு.